ஒரே லைன் சார்ட்டில் இரண்டு செங்குத்து அச்சுகள்: புதிதாக வரைபவர்களுக்கு

இரண்டு அளவுகளை ஒரே படத்தில் காட்ட வேண்டியிருக்கிறது. ஒன்று முந்நூறு, நானூறு என்று ஓடுகிறது. மற்றொன்று அரை, முக்கால், ஒன்று என்று நகர்கிறது. இரண்டையும் அப்படியே மென்பொருளிடம் கொடுத்தால் பெரிய எண்கள் அச்சைப் பிடித்துக்கொள்ளும், சின்ன எண்கள் அடியில் ஒரு நேர்கோடாகப் படுத்துவிடும். இதற்கு வழக்கமான தீர்வு, இடப்பக்கம் ஒரு அளவுகோல், வலப்பக்கம் ஒரு அளவுகோல் என்று வைப்பதுதான்.

வரைவது பெரிய வேலை இல்லை. எக்செலில் சில சொடுக்குகளில் முடிந்துவிடும். தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. வலது அச்சு எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடிய வேண்டும் என்று யாராவது தீர்மானித்தாக வேண்டும். நீங்கள் தீர்மானிக்காவிட்டால் மென்பொருள் தீர்மானிக்கும். உங்கள் எண்கள் எதைப் பற்றியவை என்பது அதற்குத் தெரியாது. அதனால் மெனுவைத் திறப்பதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட்டுவிடுவோம்.

எடுத்துக்காட்டுத் தரவு

கட்டுரை முழுக்க ஒரே தரவை வைத்துக்கொள்வோம். முதல் தொடர், ஹவாயில் உள்ள மௌனா லோவா நிலையத்தில் அளக்கப்படும் கார்பன் டை ஆக்சைடின் ஆண்டுச் சராசரி. அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் டேவிட் கீலிங் 1958-ல் தொடங்கிய அளவீடு இது; முழு ஆண்டுச் சராசரி 1959-லிருந்து கிடைக்கிறது. 1959-ல் சுமார் 316 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), 2020-ல் சுமார் 414 பிபிஎம். இரண்டாவது தொடர், நாசா வெளியிடும் உலகச் சராசரி வெப்பநிலை விலகல். 1951 முதல் 1980 வரையிலான சராசரியைப் பூஜ்யமாக வைத்து, அந்தந்த ஆண்டு எவ்வளவு கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது என்று சொல்லும் எண். 1964-ல் சுமார் −0.2 டிகிரி செல்சியஸ், 2020-ல் ஒரு டிகிரியை ஒட்டி. இரண்டும் இலவசமாக இணையத்தில் கிடைப்பவை, பதிவிறக்கிக்கொண்டு கூடவே செய்து பார்க்கலாம்.

அட்டவணையில் மூன்று நெடுவரிசை போதும்: ஆண்டு, கார்பன் டை ஆக்சைடு, வெப்பநிலை விலகல். ஒரு ஆண்டுக்கு ஒரு வரிசை. எண் இல்லாத ஆண்டு இருந்தால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அங்கே பூஜ்யம் போட்டால் கோடு பாதாளத்துக்குப் போய்த் திரும்பி வரும். வெப்பநிலை விலகலில் பூஜ்யம் என்பதும் ஒரு மெய்யான மதிப்பு என்பதால், அந்தத் தவறு கண்ணுக்கும் சட்டென்று படாது.

அளவுகோலைக் காகிதத்தில் முடிவு செய்யுங்கள்

ஒவ்வொரு தொடருக்கும் மிகக் குறைந்த மதிப்பு, மிக உயர்ந்த மதிப்பு இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். கார்பன் டை ஆக்சைடுக்கு 316, 414. விலகலுக்கு −0.2, 1.02. இவற்றை அடக்கும்படி வட்டமான எல்லைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூடவே ஒரு நிபந்தனை: இரண்டு அச்சிலும் இடைவெளிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதுதான் படத்தின் குறுக்கே ஓடும் கட்டக் கோடு இரண்டு பக்கமும் ஒரு எண்ணில் போய் நிற்கும். இல்லாவிட்டால் வலது அச்சின் எண்கள் கோடுகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருக்கும், படிப்பவர் எதை எதோடு பொருத்துவது என்று தெரியாமல் விழிப்பார்.

இங்கே இடது அச்சை 300 முதல் 450 வரை, 25 இடைவெளியில் வைக்கலாம். ஆறு இடைவெளிகள். வலது அச்சை −0.25 முதல் 1.25 வரை, 0.25 இடைவெளியில் வைத்தால் அங்கேயும் ஆறு. பூஜ்யமும் ஒரு கட்டக் கோட்டில் உட்கார்ந்துவிடுகிறது.

இடது அச்சு பூஜ்யத்தில் தொடங்க வேண்டாமா என்று கேட்கலாம். பட்டை வரைபடத்துக்குக் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அங்கே கண் நீளத்தை ஒப்பிடுகிறது. கோட்டு வரைபடத்தில் கண் ஏற்ற இறக்கத்தைத்தான் பார்க்கிறது, ஆகவே அந்தக் கட்டாயம் இல்லை. பூஜ்யத்திலிருந்து 450 வரை வைத்தால் 316 என்பது படத்தின் உயரத்தில் எழுபது சதவீதத்திலும் 414 என்பது தொண்ணூற்றிரண்டு சதவீதத்திலும் வரும். அறுபது ஆண்டு மாற்றம் முழுவதும் மேல்மூலையில் ஒடுங்கிவிடும்.

இப்போது ஒரு சோதனை. மேலே சொன்ன எல்லைகளோடு வரைந்தால் 1959-லும் சரி, 2020-லும் சரி, வெப்பநிலைக் கோடு கார்பன் டை ஆக்சைடு கோட்டுக்கு மேலே இருக்கும். வலது அச்சை மட்டும் −1 முதல் 2 வரை என்று மாற்றிப் பாருங்கள். தொடக்கத்தில் வெப்பநிலை மேலே, முடிவில் கீழே. நடுவில் எங்கோ இரண்டும் வெட்டிக்கொள்கின்றன. தரவில் ஒரு எண் கூட மாறவில்லை. பிபிஎம்மும் டிகிரியும் வெவ்வேறு அலகுகள். ஒன்று மற்றொன்றை முந்துவது என்று ஒன்று கிடையாது. வெட்டும் புள்ளியைக் காட்டி ‘இந்த ஆண்டில் நிலைமை தலைகீழானது’ என்று எழுதப்பட்ட அறிக்கைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் புள்ளியை உருவாக்கியது அச்சின் எல்லையைத் தட்டச்சு செய்த விரல்தான்.

அதனால்தான் எல்லைகளைப் படம் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்யச் சொல்கிறேன். படத்தைப் பார்த்துக்கொண்டே எல்லையை இழுத்தால், நமக்குப் பிடித்த கதை வரும்வரை இழுப்போம். நேர்மையானவர்களுக்கும் இது நடக்கும்.

எக்செலில்

புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் ஆண்டு நெடுவரிசை. ஆண்டும் எண்தானே என்று எக்செல் அதையும் ஒரு தொடராக எடுத்து மூன்றாவது கோடு போட்டுவிடும். ஆண்டு நெடுவரிசையின் தலைப்புக் கட்டத்தை, அதாவது அட்டவணையின் இடது மேல் மூலையை, காலியாக விட்டுவிட்டால் பெரும்பாலும் அது கிடைமட்ட அச்சுக்குப் போய்விடும். அப்படியும் கோடாக வந்தால் சார்ட்டின் மேல் வலது சொடுக்கு, ‘செலக்ட் டேட்டா’, அங்கே ஆண்டுத் தொடரை நீக்கிவிட்டு, கிடைமட்ட அச்சு லேபிள்களுக்கான ‘எடிட்’ பொத்தானில் ஆண்டு நெடுவரிசையைக் காட்டுங்கள்.

பிறகு வரிசையாக:

1. தரவு முழுவதையும் தேர்ந்தெடுத்து ‘இன்சர்ட்’ தாவலில் ‘ரெக்கமெண்டட் சார்ட்ஸ்’, அதில் ‘ஆல் சார்ட்ஸ்’, கடைசியில் ‘காம்போ’. 2013 பதிப்பிலிருந்து இது இருக்கிறது.
2. இரண்டு தொடர்களுக்கும் வகை ‘லைன்’ என்று மாற்றுங்கள். எக்செல் தானாக ஒன்றைப் பட்டையாக வைத்திருக்கும்.
3. வெப்பநிலை விலகலுக்கு எதிரே ‘செகண்டரி ஆக்சிஸ்’ கட்டத்தில் டிக் போடுங்கள்.
4. இடது அச்சின் எண்கள் மேல் இரட்டைச் சொடுக்கு. வலப்பக்கம் திறக்கும் பலகையில் ‘பவுண்ட்ஸ்’ என்பதன் கீழ் 300, 450. ‘யூனிட்ஸ்’ என்பதன் கீழ் ‘மேஜர்’ 25.
5. வலது அச்சுக்கு அதே இடத்தில் −0.25, 1.25, 0.25.
6. ‘ஆட் சார்ட் எலிமென்ட்’ வழியாக இரண்டு அச்சுகளுக்கும் தலைப்பு. அலகோடு எழுதுங்கள்.

ஏற்கெனவே வரைந்து வைத்த சார்ட் இருந்தால் முழுக்கத் திரும்பச் செய்ய வேண்டாம். கோட்டின் மேல் வலது சொடுக்கு, ‘ஃபார்மேட் டேட்டா சீரிஸ்’, ‘செகண்டரி ஆக்சிஸ்’. ஆனால் அடியில் ஒட்டிக் கிடக்கும் கோட்டை மவுஸால் பிடிப்பதே பெரும்பாடு. ‘ஃபார்மேட்’ தாவலின் இடது ஓரத்தில் சார்ட்டின் உறுப்புகளைப் பட்டியலிடும் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது; அங்கிருந்து தொடரைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கலாம்.

எதிர்மறை எண் உள்ள தொடரை இடது அச்சில் வைத்தால் ஆண்டு லேபிள்கள் பூஜ்யக் கோட்டில், படத்தின் நடுவே, போய் உட்காரும். கிடைமட்ட அச்சின் அமைப்பில் ‘லேபிள் பொசிஷன்’ என்பதை ‘லோ’ ஆக்கினால் கீழே இறங்கிவிடும்.

லிப்ரே ஆபீஸ் கால்க்கில் சார்ட்டை இரட்டைச் சொடுக்கில் திறந்து, தொடரின் மேல் வலது சொடுக்கிட்டு, ‘ஃபார்மேட் டேட்டா சீரிஸ்’ பெட்டியின் ‘ஆப்ஷன்ஸ்’ தாவலில் ‘செகண்டரி ஒய் ஆக்சிஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸில் சார்ட் எடிட்டரின் ‘கஸ்டமைஸ்’, ‘சீரிஸ்’, பிறகு ‘ஆக்சிஸ்’ என்பதை ‘ரைட் ஆக்சிஸ்’ ஆக்க வேண்டும். எல்லைகளை நிர்ணயிக்கும் வேலை எங்கேயும் ஒன்றுதான்.

ஆர் மொழியில்

புள்ளியியலுக்கான நிரல் மொழியான ஆரில் இரண்டு வழி. அடிப்படை பிளாட் கட்டளையில் வரைகிறவர்கள், முதல் படத்தை வரைந்து, ‘பார்’ (par) கட்டளையில் ‘நியூ’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கி, அதன் மேலேயே இரண்டாவது படத்தை அச்சுகள் இல்லாமல் வரைந்து, ‘ஆக்சிஸ்’ கட்டளைக்கு 4 என்று கொடுத்து வலது அச்சைச் சேர்ப்பார்கள். ஆரில் 1 கீழே, 2 இடது, 3 மேலே, 4 வலது. வலப்பக்க ஓரம் இயல்பாகவே குறுகலாக இருக்கும் என்பதால் முன்கூட்டியே அதை அகலப்படுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் வலது அச்சின் தலைப்பு வெட்டுப்படும்.

இந்த வழியில் சத்தமில்லாத ஆபத்து ஒன்று உண்டு. இரண்டாவது படம் தன் கிடைமட்ட எல்லையைத் தானே கணக்கிடும். ஒரு தொடர் 1959-ல் தொடங்கி மற்றது 1880-ல் தொடங்கினால், இரண்டும் ஒரே அகலத்துக்கு நீட்டப்பட்டு, ஆண்டுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது, படம் அழகாகவே இருக்கும். இரண்டு முறையும் எக்ஸ் எல்லையை ஒரே மாதிரி எழுதுங்கள்.

ஆருக்கான ஜிஜிபிளாட்2 என்ற வரைபடத் தொகுப்பில் கதை வேறு. இதை உருவாக்கிய ஹாட்லி விக்கம் இரட்டை அச்சுப் படங்களை விரும்பாதவர் என்பது ஆர் பயனர்களுக்குத் தெரிந்த சங்கதி. 2016-ல் வந்த 2.2.0 பதிப்பில் இரண்டாவது அச்சு சேர்க்கப்பட்டது, ஆனால் ஒரு கட்டுப்பாட்டோடு: வலது அச்சு இடது அச்சின் ஒன்றுக்கு ஒன்றான உருமாற்றமாக மட்டுமே இருக்கலாம். அதாவது வலது அச்சுக்கென்று தனியாகத் தரவு கிடையாது. எல்லாக் கோடுகளும் இடது அளவுகோலில்தான் வரையப்படும். வலப்பக்கம் எழுதப்படும் எண்கள் மட்டும் மாறும்.

ஆகவே வெப்பநிலையை நாம் முதலில் இடது அளவுகோலுக்குப் பெயர்க்க வேண்டும். பெருக்கெண் என்பது இடது நீளத்தை வலது நீளத்தால் வகுப்பது: 150 ÷ 1.5 = 100. கூட்டெண் என்பது இடது தொடக்கத்திலிருந்து, பெருக்கெண்ணையும் வலது தொடக்கத்தையும் பெருக்கிக் கழிப்பது: 300 − (100 × −0.25) = 325. ஆக, வெப்பநிலையை 100-ஆல் பெருக்கி 325 கூட்டி அந்தக் கோட்டை வரையுங்கள். பிறகு செங்குத்து அளவுகோல் கட்டளைக்குள் ‘செக் ஆக்சிஸ்’ (sec.axis) என்பதற்கு எதிர்ச் சூத்திரத்தைக் கொடுங்கள்: முதலில் 325 கழித்து, பிறகு 100-ஆல் வகுப்பது.

இந்த வரிசை முக்கியம். வகுத்துவிட்டுக் கழித்தால் வலது அச்சில் −320 போன்ற எண்கள் வந்து நிற்கும், அது கண்ணில் பட்டுவிடும். சூத்திரத்தில் சின்னப் பிசகு இருந்தால்தான் கஷ்டம். எண்கள் நம்பும்படி இருக்கும், ஆனால் தவறாக இருக்கும். ஒரு புள்ளியைக் கையால் சரிபாருங்கள். இடதில் 425 இருக்கும் உயரத்தில் வலதில் 1 இருக்க வேண்டும், 325-க்கு நேரே பூஜ்யம்.

இன்னொன்று: ஜிஜிபிளாட்டில் அளவுகோல் கட்டளைக்குள் எல்லை போட்டால், எல்லையைத் தாண்டிய மதிப்புகள் நீக்கப்பட்டுவிடும். நாசாவின் 2024 விலகல் 1.28. 100-ஆல் பெருக்கி 325 கூட்டினால் 453. நம் 450-ஐத் தாண்டுகிறது. தரவைப் புதுப்பித்த அன்று கோட்டின் கடைசித் துண்டு காணாமல் போய், கீழே ஒரு எச்சரிக்கை வரி மட்டும் வரும். புதிய ஆண்டுகளைச் சேர்த்தால் எல்லைகளையும் திரும்பக் கணக்கிடுங்கள்.

பைத்தான், ஸ்டேட்டா, மற்றவை

பைத்தானின் வரைபடத் தொகுப்பான மேட்பிளாட்லிப்பில் ‘ட்வின்எக்ஸ்’ என்ற கட்டளை, ஆண்டு அச்சைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டாவது செங்குத்து அச்சைத் தருகிறது. ஒவ்வொரு அச்சுக்கும் நிறவரிசை முதலிலிருந்து தொடங்குவதால் இரண்டு கோடுகளும் ஒரே நீலத்தில் வரும். நிறத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். எந்தக் கோடு எது என்று சொல்லும் லெஜெண்டும் அப்படித்தான்: ஒரு அச்சின் லெஜெண்டைக் கேட்டால் அந்த அச்சின் கோடு மட்டும் தெரியும். இரண்டு அச்சிலிருந்தும் விவரங்களை எடுத்து ஒரே பட்டியலாக்கிக் கொடுக்க வேண்டும். அதைவிட, லெஜெண்டையே விட்டுவிட்டுக் கோட்டின் முனையில் பெயரை எழுதிவிடுவது சுலபம்.

ஸ்டேட்டா, சாஸ், எஸ்பிஎஸ்எஸ் மூன்றும் புள்ளியியல் மென்பொருள்கள். ஸ்டேட்டாவில் ‘டூவே’ கட்டளைக்குள் இரண்டு ‘லைன்’ பகுதிகளைத் தனித்தனி அடைப்புக்குறிகளில் எழுதி, இரண்டாவதில் காற்புள்ளிக்குப் பிறகு ‘ஒய்ஆக்சிஸ்’ 2 என்று சேர்த்தால் போதும். தலைப்பு, எண் லேபிள், எல்லை என்று வலது அச்சுக்கான ஒவ்வொரு விருப்பத்திலும் ‘ஆக்சிஸ்’ 2 என்று உள்ளே குறிப்பிட வேண்டும். மறந்தால் நீங்கள் எழுதியது இடது அச்சுக்குப் போய்விடும். சாஸில் ‘எஸ்ஜிபிளாட்’ செயல்முறையில் இரண்டாவது ‘சீரிஸ்’ வரிக்கு ‘ஒய்2ஆக்சிஸ்’ என்ற விருப்பம். எஸ்பிஎஸ்எஸ்ஸில் ‘சார்ட் பில்டர்’ கேலரியில் ‘டூயல் ஆக்சஸ்’ என்றே ஒரு பிரிவு இருக்கிறது. மாறிகளை இழுத்துப் போட வேண்டியதுதான். கோடாக வராவிட்டால் ‘எலிமென்ட் ப்ராப்பர்ட்டீஸ்’ பெட்டியில் வகையை மாற்றுங்கள்.

படிக்கிறவர் பக்கம் நின்று

எந்தக் கோடு எந்த அச்சுக்கு என்பதை ஒரு நொடியில் கண்டுபிடிக்க முடிய வேண்டும். கோட்டின் நிறத்தையே அந்த அச்சின் எண்களுக்கும் தலைப்புக்கும் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சிவப்பும் பச்சையும் சேர்ந்த ஜோடியைத் தவிருங்கள். நிறக் குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இவை இரண்டும்தான் குழம்பும். நீலமும் ஆரஞ்சும் பாதுகாப்பான ஜோடி. கறுப்பு வெள்ளையில் அச்சாகும் என்றால் ஒரு கோட்டைத் துண்டு துண்டாகப் போடுங்கள். கட்டக் கோடு ஒரே ஒரு தொகுதி போதும், வெளிர் சாம்பலில். ஒரு அச்சுக்கு ஒரு கோட்டுக்கு மேல் வேண்டாம். நான்கு கோடு, இரண்டு அச்சு என்றால் நான் அதைப் படிக்காமல் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

இவ்வளவு சொன்ன பிறகும், வரைவதற்கு முன் மாற்று வழிகளைப் பரிசீலிப்பது நல்லது. செல்சியஸ், ஃபாரன்ஹீட் போல ஒரே அளவை இரண்டு அலகில் காட்டும்போது இரட்டை அச்சில் எந்தக் குறையும் இல்லை, 1.8-ஆல் பெருக்கி 32 கூட்டும் சூத்திரம் இரண்டையும் கட்டிப்போடுகிறது. தாவரவியலாளர்கள் பயன்படுத்தும் வால்ட்டர்–லீத் காலநிலைப் படங்களில் வெப்பநிலையும் மழையும் வெவ்வேறு அளவுகள்தான், ஆனாலும் 10 டிகிரிக்கு 20 மில்லிமீட்டர் என்ற விகிதம் நிலையானது. வரைபவர் விருப்பத்துக்கு இழுக்க முடியாது என்பதால் அங்கே கோடுகள் வெட்டிக்கொள்வதற்கும் பொருள் உண்டு: மழைக்கோடு வெப்பநிலைக் கோட்டுக்குக் கீழே போனால் அது வறண்ட காலம்.

அப்படியொரு விதி இல்லாதபோது இரண்டு தொடர்களையும் ஒரு அடிப்படை ஆண்டில் 100 என்று வைத்துக் குறியீட்டு எண்ணாக்கி ஒரே அச்சில் வரையலாம். 1959-ஐ 100 என்றால் 2020-ல் கார்பன் டை ஆக்சைடு 131. ஆனால் நம் வெப்பநிலை விலகலுக்கு இது உதவாது. 1959-ல் அது 0.03 அளவில், பூஜ்யத்தை ஒட்டி, இருந்தது. அதை 100 ஆக்கினால் 2020-ல் மூவாயிரத்தைத் தாண்டும் அபத்தம் வரும். பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ போகும் எந்தத் தொடருக்கும் குறியீட்டு எண் பொருந்தாது.

அங்கே என் தேர்வு இரண்டு படங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே ஆண்டு அச்சில் அடுக்குவது. ஒவ்வொன்றுக்கும் தனி அளவுகோல், வெட்டிக்கொள்ளவே வாய்ப்பில்லை. 1963-ல் இந்தோனேசியாவின் அகுங் எரிமலை வெடித்த பிறகு 1964-ல் வந்த வெப்பநிலைச் சரிவும், 1991-ல் பிலிப்பைன்ஸின் பினடூபோ எரிமலை வெடித்த பிறகு அடுத்த இரண்டு ஆண்டுகளில் வந்த சரிவும் கீழ்ப்படத்தில் பளிச்சென்று தெரியும். மேலே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும்.

சேர்த்து வரைந்தாலும் அடுக்கி வரைந்தாலும், இரண்டு கோடுகளும் ஒன்றாக ஏறுகின்றன என்பதை மட்டும் வைத்து ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று எழுதாதீர்கள். காலத்தோடு ஏறும் எந்த இரண்டு தொடரும் ஒட்டி ஓடுவது போலத் தெரியும்; உட்னி யூல் என்ற புள்ளியியலாளர் 1926-லேயே இதை விளக்கிவிட்டார். கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்பது இயற்பியலும் ஆய்வகமும் நிறுவிய உண்மை. நம் படம் அதற்குப் பொருத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் சொந்தத் தரவில் அப்படி ஒரு பின்புலம் இல்லையென்றால், முந்தைய ஆண்டோடு ஒப்பிட்ட மாற்றத்தை மட்டும் இரண்டு தொடருக்கும் கணக்கிட்டு வரைந்து பாருங்கள். ஒட்டுறவு பெரும்பாலும் அங்கேயே கலைந்துவிடும்.

படத்தைச் சேமிக்கும்போது கட்டுரைக்கு என்றால் பிடிஎஃப் அல்லது எஸ்விஜி, திரைக்கு என்றால் பிஎன்ஜி. வலது அச்சின் தலைப்பு வெட்டுப்படாமல் வந்திருக்கிறதா என்று சேமித்த கோப்பைத் திறந்து பாருங்கள், மென்பொருளின் முன்னோட்டத்தை நம்ப வேண்டாம். படத்தின் கீழே எழுதும் குறிப்பில் இரண்டு அச்சுகளின் எல்லைகளும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்றும், விலகல் எந்த ஆண்டுகளின் சராசரியிலிருந்து கணக்கிடப்பட்டது என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.